அப்பாவின் கோட்ரைமொக்சசோல் மாதங்கள்

கோட்ரைமொக்சசோல் நம்மூர் வீடுகளில் பெரும்பாலும் எப்போதாவது ஒரு தடவை வந்துபோன குளிசைதான். சிறுநீரில் கிருமி என்றால் சில நாட்களுக்குக் கொடுப்பார்கள். வயதானவர்கள் செப்ட்ரின் என்றோ பாக்ட்ரிம் என்றோ பழைய வர்த்தகப் பெயரைச் சொன்னால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். விலை குறைவு, அரச வைத்தியசாலையில் இலவசம், அரை நூற்றாண்டுக்கு மேல் புழக்கத்தில் உள்ள மருந்து. ஆகவே யாரும் அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. ஆனால் அதே குளிசையை அறுபத்தெட்டு வயதான ஒருவர், கூடிய அளவில், மாதக்கணக்கில், பிரஷர் குளிசையோடும் சீனிக் குளிசையோடும் சேர்த்து எடுக்கும்போது என்னென்ன நடக்கலாம் என்பதை என் அப்பாவின் உடம்பிலிருந்துதான் நான் படித்தேன். அம்மா இல்லை, தம்பி கட்டாரில் வேலை. திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு விடுதியில் கணக்கு எழுதும் எனக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. முதல் வாரத்தில் யாராவது என்னை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசியிருந்தால் எவ்வளவோ பணமும் பயமும் மிச்சமாகியிருக்கும். இதே மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இன்னொரு மகளுக்கோ மகனுக்கோ அந்தப் பத்து நிமிடத்தைத் தரலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வயல் தம்பலகாமத்தில், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் பக்கம். பெரும்போகத்து மழையில் அப்பா நாள் முழுவதும் சேற்றில் நின்று வரம்பு கட்டினார், வரம்பில் தண்ணீர் பாயவிடும் வாயான வக்கடையைத் திறந்தார். குதிகாலுக்கு மேலே ஏதோ வெட்டிய சிறு காயம் இருந்தது. சீனி வருத்தக்காரர் என்பதால் காலில் உணர்ச்சி குறைவு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. பனடோல் போட்டால் இறங்கும், மாலையில் மறுபடி ஏறும். தனியார் மருத்துவர் ஒருவர் அமொக்சிசிலின் கொடுத்தார், ஒரு பலனும் இல்லை. இன்னொருவர் மருந்தை மாற்றினார், அதற்கும் இறங்கவில்லை. இருமல் தொடங்கியதும் எக்ஸ்ரே எடுத்தோம். நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிந்ததால் காசநோயாக இருக்கலாம் என்றார்கள். அந்தச் செய்தி எப்படியோ உறவினர்களுக்குள் பரவி, எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் திண்ணையோடு நின்று பேசிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். “அப்பாவின் கோப்பையைப் புறம்பாக வை பிள்ளை” என்று ஒரு பெரியம்மா அவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. வைத்தியசாலையில் சேர்த்து, இரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே மெலியோய்டோசிஸ் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். அதற்குள் தனியார் மருத்துவர்களுக்கும் எக்ஸ்ரேக்கும் பரிசோதனைகளுக்கும் ஓட்டோவுக்கும் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

பர்கோல்டேரியா சூடோமல்லேயை என்ற பாக்டீரியாவால் வரும் நோய் இது. 1911ஆம் ஆண்டளவில் ரங்கூனில் பணியாற்றிய விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளரும் இதை முதலில் கண்டறிந்தார்கள். கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காயத்தின் வழியாகவோ, மூச்சின் வழியாகவோ, குடிக்கும் நீரின் வழியாகவோ உடம்புக்குள் நுழைகிறது. மழைக்காலத்தில் கூடுதலாக வரும். சீனி வருத்தம் உள்ளவர்களையே அதிகம் பிடிக்கிறது; சிறுநீரக நோய் உள்ளவர்களும் மதுப்பழக்கம் உள்ளவர்களும் அடுத்த வரிசையில் நிற்கிறார்கள். சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் அமொக்சிசிலினும் ஜென்டாமைசினும் இந்தக் கிருமியிடம் இயல்பாகவே எடுபடுவதில்லை. ஆகவே வயலில் இறங்குகிற, சீனி வருத்தமுள்ள ஒருவருக்கு மாரிக்காலத்தில் காய்ச்சல் வந்து, முதல் மருந்துக்கு இறங்காவிட்டால், இந்த மூன்று விடயங்களையும் மருத்துவரிடம் நீங்களே சேர்த்துச் சொல்லுங்கள். “இரத்தம் கல்ச்சர் செய்து பார்க்கலாமா?” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அடுத்த நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்குவதற்கு முன்பே அந்த இரத்தத்தை எடுத்துவிட்டால் கிருமி பிடிபடும் வாய்ப்பு அதிகம்.

சிகிச்சை இரண்டு கட்டம். முதலாவது, செஃப்டாசிடைம் அல்லது மெரொபெனெம் போன்ற மருந்தை நரம்பு வழியாகக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாட்கள் ஏற்றுவது. அப்பாவுக்குச் செஃப்டாசிடைம் ஏற்றினார்கள். அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாட்டில் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள், காய்ச்சல் ஒரு வாரம் கழித்து மெல்ல இறங்கியது, தாதியர் பொறுமையாக நடந்துகொண்டார்கள். இரண்டாவது கட்டம் வீட்டில். உடம்பில் பதுங்கியிருக்கும் மிச்சக் கிருமியை ஒழிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம், சிலருக்கு அதற்கும் மேலே, வாய் வழியாக எடுக்க வேண்டிய மருந்துதான் கோட்ரைமொக்சசோல். துன்பம் அங்கேதான் தொடங்கியது. வாட்டில் மருத்துவர்கள் பார்த்த வேலையெல்லாம் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து வீட்டிலுள்ள ஒருவரின் தலையில் வந்து விழுகிறது. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான் மட்டுமே.

கோட்ரைமொக்சசோல் ஒரே குளிசைக்குள் இருக்கும் இரண்டு மருந்துகள்: சல்பாமெதொக்சசோல் ஐந்து பங்கு, டிரைமெதோபிரிம் ஒரு பங்கு. பாக்டீரியா தனக்குத் தேவையான ஃபோலேட்டைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தயாரிப்பின் ஒரு படியைச் சல்பாவும் அடுத்த ஒரு படியை டிரைமெதோபிரிமும் மறிக்கின்றன. வாட்டிலிருந்த இளம் மருத்துவர் ஒருவர் இதை அப்பாவுக்கு, “ஐயா, மேல் வக்கடையையும் அடைத்து, கீழ் வக்கடையையும் அடைத்துவிட்டால் வயலுக்குத் தண்ணீர் எங்கால வரும்?” என்று விளக்கினார். அப்பாவுக்கு அது நன்றாகப் பிடித்துப்போய், வருகிறவர்களுக்கெல்லாம் தன் நோயை வக்கடைக் கணக்கிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். மனிதர்களாகிய நாம் ஃபோலேட்டை உணவிலிருந்து பெறுகிறோம் என்பதால்தான் இந்த மருந்து கிருமியை அடிக்கும் அளவுக்கு நம்மை அடிப்பதில்லை. டிரைமெதோபிரிமை உருவாக்கிய ஆய்வுக் குழுவை வழிநடத்திய ஜோர்ஜ் ஹிட்சிங்ஸ் 1988ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இத்தனை சாதாரணமான ஒரு குளிசைக்குப் பின்னால் அப்படியொரு ஆள் இருப்பது அப்பாவின் கட்டிலருகே கைத்தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்த இரவொன்றில்தான் எனக்குத் தெரியவந்தது.

முதல் குழப்பம் எண்ணிக்கையில் வந்தது. மெலியோய்டோசிஸுக்கு இந்த மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. நாற்பது முதல் அறுபது கிலோ வரை உள்ள வயது வந்த ஒருவருக்கு, சிறுநீரகம் சரியாக இருந்தால், 480 மில்லிகிராம் குளிசை காலையில் மூன்று, இரவில் மூன்று. அறுபது கிலோவுக்கு மேற்பட்டவருக்கு நான்கு, நான்கு. அப்பா ஐம்பத்தைந்து கிலோ. வைத்தியசாலையில் இருப்பு முடிந்திருந்ததால் ஒரு பகுதியை வெளியே வாங்கச் சொன்னார்கள். நான் துண்டை நீட்டிய மருந்துக்கடைக்காரர், “இது சிறுநீர்க் கிருமிக்குக் கொடுக்கிறது அக்கா, நாளுக்கு ஆறு போட ஏலாது, பிழையாக எழுதியிருப்பினம்” என்று சொல்லி, தானாகவே குறைத்துக் கொடுக்கப் பார்த்தார். அவர் அக்கறையில் சொன்னதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொல்லைக் கேட்டிருந்தால் அப்பா பாதி மருந்தில் இருந்திருப்பார். இன்னொரு கடையில் 480க்குப் பதிலாக 960 மில்லிகிராம் குளிசை தந்தார்கள். பெட்டியின் நிறமும் எழுத்தும் ஒரே மாதிரி. ஒன்று மற்றதன் இரட்டிப்பு. பழக்கத்தில் மூன்று மூன்று என்று கொடுத்திருந்தால் இரண்டு மடங்கு மருந்து போயிருக்கும். ஆகவே துண்டில் குளிசைகளின் எண்ணிக்கையோடு மில்லிகிராமையும், என்ன நோய்க்கு என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். கடையில் வாங்கியதும் அட்டையைத் திருப்பி இலக்கத்தைப் பாருங்கள். 480 என்பது 400 சல்பாவும் 80 டிரைமெதோபிரிமும். 960 என்பது 800ம் 160ம். சில அட்டைகளில் கூட்டுத்தொகையை எழுதாமல் இந்த இரண்டு எண்களை மட்டும் போட்டிருப்பார்கள்.

குளிசை தொடங்கி இரண்டாம் வாரத்தில் அப்பாவின் உடம்பு சோர்ந்தது. கால்கள் பாரமாக இருக்கின்றன என்றார். கதிரையிலிருந்து எழும்பும்போது கையை ஊன்ற வேண்டியிருந்தது. சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளம். இத்தனை குளிசை போட்டால் உடம்பு சூடாகும் என்று பார்க்க வந்த அனைவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எங்கள் ஊரில் மருந்துச் சூட்டுக்கு ஒரே பதில் இளநீர். பக்கத்து வீட்டு மாமி ஒரு குலை செவ்விளநீர் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். அது முடிவதற்குள் வயற்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி இன்னொரு குலை கொண்டுவந்தார். அப்பா காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வெயில் தாழ ஒன்று என்று குடித்தார். களைப்புக்கு ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளும் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். வாழைப்பழம், தோடம்பழச் சாறு எல்லாம் நோயாளிக்கு நல்லதுதானே. அப்பாவைக் குணப்படுத்த ஊரே கூடி நின்றது. அந்த அன்பு முழுவதும் பொட்டாசியமாக அவருடைய இரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

கிளினிக் நாளுக்கு இன்னும் நாள் இருந்தது. மனம் கேட்காமல் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் எடுப்பித்தேன். மாலையில் அறிக்கை வாங்கப் போனபோது அங்கிருந்த பெண், “அக்கா, பொட்டாசியம் 6.4, இப்பவே டொக்டரிட்டக் காட்டுங்கோ” என்று தாளின் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். சாதாரண அளவு 3.5க்கும் 5க்கும் இடைப்பட்டது என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் கூடியிருந்தது. தம்பலகாமம் போய் அப்பாவை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு வர இரவாகிவிட்டது. அந்த ஓட்டோவுக்கு மட்டும் நாலாயிரம். வழி முழுக்கத் தம்பிக்கு அழைத்தேன், அவனுக்கு இரவு வேலை, தொலைபேசி எடுபடவில்லை. பின்னால் அப்பா சாய்ந்து கிடக்க, அவர் கையைப் பிடித்தபடி நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டு வந்தேன். நான் எண்ணியது சரியோ பிழையோ தெரியாது. எதையாவது எண்ணிக்கொண்டிருக்காவிட்டால் அழுதிருப்பேன்.

அவசரப் பிரிவில் முதல் வேலையாக ஈசிஜி எடுத்தார்கள். இரத்தத்தை இன்னொரு முறை எடுத்து அனுப்பினார்கள், ஏனென்றால் ஊசியில் இழுக்கும்போது செங்குருதிக் கலங்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். அப்பாவின் ஈசிஜியிலேயே மாற்றம் தெரிந்ததால் இரண்டாம் அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. இதயத்தின் தாளம் குலையாதிருக்கக் கல்சியம் குளுக்கோனேட் ஏற்றினார்கள். பொட்டாசியத்தைக் கலங்களுக்குள் தள்ளுவதற்காகக் குளுக்கோஸோடு இன்சுலின் கொடுத்து, சல்பியூட்டமோலை நெபுலைசரில் வைத்தார்கள். விடியும்வரை மொனிட்டரின் சத்தத்தைக் கேட்டபடி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். காலையில் வந்த மருத்துவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, “லோசார்ட்டன் போடுகிறாரா?” என்று மட்டும் கேட்டார். போடுகிறார், பிரஷருக்கு, பல வருடமாக. டிக்கட் வெட்டிய தாளிலும் பழைய குளிசைகளைத் தொடரும்படியே எழுதியிருந்தது.

அந்த மருத்துவர் விளக்கியதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டும். குளிசைக்குள் இருக்கும் டிரைமெதோபிரிம் சிறுநீரகத்தில் பொட்டாசியத்தை வெளியேற்றும் வேலையைத் தடுக்கிறது. அமிலோரைட் என்ற சிறுநீர்பெருக்கி செய்வதும் இதைத்தான். லோசார்ட்டன் போன்ற பிரஷர் குளிசைகளும், எனலாப்பிரில், கப்டோப்பிரில் வகைக் குளிசைகளும், இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலக்டோனும் வேறு வழியில் அதே பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கின்றன. இரண்டும் சேர்ந்தால், வயதும் சீனி வருத்தமும் சேர்ந்தால், சில நாட்களிலேயே அளவு ஏறக்கூடும். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் இந்த வகைப் பிரஷர் குளிசை எடுக்கும் முதியோரை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், அமொக்சிசிலின் எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது கோட்ரைமொக்சசோல் எடுத்தவர்கள் பொட்டாசியம் ஏறி வைத்தியசாலையில் சேரும் ஆபத்து ஏறத்தாழ ஏழு மடங்காக இருந்தது. அங்கே கொடுத்தது பெரும்பாலும் சாதாரணத் தொற்றுகளுக்கான அளவு. மெலியோய்டோசிஸுக்குக் கொடுப்பது அதைவிடக் கூடுதல். மூட்டு நோவுக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபெனக்கும் இதே பக்கம் தள்ளுகிறது. அப்பாவின் முழங்காலுக்கு அது வேண்டாம், பனடோல் போதும் என்றார்கள். இளநீர், ஜீவனி, வாழைப்பழம், தோடம்பழம் ஆகியவற்றில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆரோக்கியமான ஒருவருக்கு அவை கெடுதல் இல்லை. இந்த மருந்தில் இருப்பவருக்கு, இரத்தப் பரிசோதனை சரியென்று தெரியும்வரை, தண்ணீர்தான் நல்லது. தண்ணீர் நிறையக் குடிக்கவும் வேண்டும், ஏனென்றால் சல்பா சிறுநீரில் படிகமாகப் படியக்கூடும்.

மருத்துவர்கள் லோசார்ட்டனை நிறுத்தி அம்லோடிபின் என்ற வேறு பிரஷர் குளிசைக்கு மாற்றினார்கள். கோட்ரைமொக்சசோலைச் சில நாள் நிறுத்தி, அந்த இடைவெளியில் டொக்சிசைக்ளின் கொடுத்து, பொட்டாசியம் இறங்கிய பிறகு மறுபடி தொடங்கினார்கள். மறுபடி அதே மருந்தா என்று எனக்கு உள்ளுக்குள் நடுங்கியது. உறவினர்களுக்கோ இது பெரிய சந்தர்ப்பம்: இங்கிலீஷ் மருந்து ஆளைக் கொல்லப் பார்த்தது, இனி நாட்டு வைத்தியம்தான் என்று ஆளாளுக்கு ஒரு பரிகாரியாரின் பெயர் சொன்னார்கள். அப்பாவும் அந்தப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தார். வேறு மருந்தே போதாதா என்று நான் கேட்டபோது மருத்துவர் ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னார். கோட்ரைமொக்சசோல் முற்றிலும் ஒத்துவராதவர்களுக்கு டொக்சிசைக்ளினோ அமொக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலமோ கொடுக்கலாம். ஆனால் இந்த நோயில் முதல் தெரிவு இதுதான். தாய்லாந்தில் நடந்து 2014ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வொன்று, இதைத் தனியாகக் கொடுத்தாலே டொக்சிசைக்ளினோடு சேர்த்துக் கொடுப்பதற்குக் குறைவில்லை என்று காட்டியிருக்கிறது. மருந்தைப் பாதியில் விட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகம், திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து நரம்பு மருந்து. “குளிசையை நிறுத்தாதீங்க, இரத்தம் பார்க்கிறதை நிறுத்தாதீங்க” என்றார். அந்த இரண்டையும் அதற்குப் பிறகு நான் விடவில்லை.

இரண்டாம் முறை தொடங்கியபோது முதல் சில வாரங்களுக்கு வாரம் ஒருமுறை, பிறகு இடைவெளி விட்டு, பொட்டாசியம், கிரியேட்டினின், முழு இரத்தக் கணக்கு மூன்றையும் பார்த்தோம். வைத்தியசாலையில் எடுக்க முடியாத வாரங்களில் தனியாரிடம் ஒவ்வொரு தடவையும் மூவாயிரம் ரூபாய் அளவில் போனது. கிரியேட்டினின் பற்றி ஒரு விடயம்: டிரைமெதோபிரிம், சிறுநீரகம் கெடாமலேயே, கிரியேட்டினினைச் சிறிதளவு கூட்டிக் காட்டும், ஏனெனில் அது வெளியேறும் பாதையொன்றைத் தடுக்கிறது. ஆகவே இலக்கம் சற்றே ஏறியதைப் பார்த்துச் சிறுநீரகம் போய்விட்டது என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். தொடர்ந்து ஏறினாலோ பொட்டாசியமும் சேர்ந்து ஏறினாலோ அது வேறு கதை. இந்த வேறுபாட்டைச் சொல்ல மருத்துவருக்குப் பழைய அறிக்கைகள் வேண்டும். அதனால் ஒரு கொப்பியில் திகதி, மூன்று இலக்கங்கள், அன்றைய குளிசை அளவு என்று கோடு போட்டு எழுதினேன். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் இருப்பார். தடித்த கோப்பைப் புரட்ட அவர்களுக்கு நேரம் இல்லை, ஆனால் அந்த ஒரு பக்கத்தை எல்லோரும் பார்த்தார்கள். மருந்து தொடங்குவதற்கு முன்பே இந்த மூன்றையும் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்வது மிக நல்லது, பின்னால் வருவதை அதோடுதான் ஒப்பிட வேண்டும். முழு இரத்தக் கணக்கு எதற்கென்றால், நீண்ட காலம் எடுக்கும்போது இந்த மருந்து எலும்பு மச்சையைத் தாக்கி வெள்ளணுக்களையும் இரத்தவட்டுகளையும் குறைக்கக்கூடும். ஃபோலிக் அமிலக் குளிசை ஒன்றும் தினமும் கொடுத்தார்கள். மருந்து ஃபோலேட்டைத் தடுக்கிறது, நீங்களோ ஃபோலேட் கொடுக்கிறீர்களே என்று நான் கேட்டேன். வெளியிலிருந்து வரும் ஃபோலிக் அமிலத்தை இந்தக் கிருமி பயன்படுத்திக்கொள்வதில்லை என்று சொன்னார்கள்.

சீனிப் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. அப்பா கிளிக்லசைட் எடுப்பவர். சல்பா சேர்ந்தால் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளின் வேகம் கூடிச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடலாம். ஒரு பின்னேரம் அவர் வியர்த்து, பேச்சுக் குழறி, என்னையே தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். விரல் நுனியில் பார்த்தபோது சீனி 58. உடனே சீனித் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். மறுநாள் கிளிக்லசைட்டைக் குறைத்தார்கள். குளுக்கோமீட்டர் வாங்கிய காசு அந்த ஒரு மாலையிலேயே பெறுமதியாகிவிட்டது. இரத்தம் உறையாதிருக்க வோர்ஃபரின் எடுப்பவர்களுக்கு இந்த மருந்து இரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும், மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு எலும்பு மச்சையை மோசமாகத் தாக்கும். ஆகவே வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய் மருத்துவர் முன்னால் கொட்டுங்கள். பெயர் சொல்வதைவிட அது நம்பகமானது.

தோலைப் பற்றிய பயம் எனக்குக் கடைசிவரை இருந்தது. சல்பா மருந்துகளில் அபூர்வமாக வரும் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் என்ற கோளாறில் தோல் வெந்ததுபோல உரியும், உயிரையும் எடுக்கலாம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் வரும். காய்ச்சலோடு தோலில் செந்தடிப்பு, வாய்க்குள் புண், கண் சிவந்து எரிதல், தோலில் கொப்புளம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளைக் குளிசையைப் போடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு என்று சொல்லித் தந்தார்கள். அப்பாவுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. இருந்தும் ஒவ்வொரு காலையும் வெளிச்சத்தில் அவர் முதுகைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். “பிள்ளை, மாட்டுக்குப் பல்லுப் பார்க்கிற மாதிரி இருக்கு” என்று அவர் சலித்துக்கொண்டார். முன்பு சல்பா மருந்துக்குத் தடிப்பு வந்தவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் செங்குருதிக் கலங்கள் உடையலாம் என்பதால் அதையும், கர்ப்பிணியாக இருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

செலவைக் கேட்பவர்களுக்கு: நோய் பிடிபட்ட பிறகு மட்டும் எங்களுக்கு ஒன்றரை இலட்சம் வரை போனது. அதில் கோட்ரைமொக்சசோல் குளிசையின் விலை ஒரு மூலைக்கும் காணாது. மீதி முழுவதும் பரிசோதனை, ஓட்டோ, என் சம்பளமில்லா விடுமுறை. சித்திரையில் விடுதியில் ஆட்கள் வரத் தொடங்கும் நேரத்தில் நான் கிளினிக் வரிசையில் நின்றேன். அந்தப் பருவத்தின் மேலதிகக் கொடுப்பனவு எனக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் சகோதரர்கள் மருந்தின் விலையை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பினால் போதாது. இங்கே நிற்பவரின் போக்குவரத்தையும் போன நாட்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தம்பிக்கு இதைச் சொன்னபோது முதலில் கோபித்தான், பிறகு அனுப்பினான்.

ஐந்தாம் மாதம் முடிவில் குளிசையை நிறுத்தினார்கள். லோசார்ட்டனைத் திரும்பத் தொடங்குவதா என்பதைக் கிளினிக்கில் இரத்தம் பார்த்துத் தீர்மானிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிஞ்சிய குளிசைகளை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒருவர் சிறுநீர் எரிவுக்கென்று கேட்டும் மறுத்துவிட்டேன், அவரும் லோசார்ட்டன் எடுப்பவர். அடுத்த பெரும்போகத்துக்கு அப்பாவுக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறேன், போடுவாரா என்பது வேறு விடயம். நோய் மாதங்கள் கழித்தும் திரும்பலாம் என்பதால் கொப்பியின் முதற் பக்கத்தில் மெலியோய்டோசிஸ் என்றும், வந்த ஆண்டையும், கோட்ரைமொக்சசோலும் லோசார்ட்டனும் சேர்ந்தபோது பொட்டாசியம் 6.4 ஆனதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் கடையில் எந்தக் குளிசையும் வாங்காமல் அந்தக் கொப்பியோடு நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்படி, நான் வேலையில் இருக்கும் நேரத்துக்காக, பக்கத்து வீட்டு மாமியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.